ஒரே கட்டளையில் பல பெயர்கள்: கோப்புறைப் பெயர்மாற்றத்தின் வரலாறும் தமிழ்ப் பெயர்களும்

1972ஆம் ஆண்டின் முதலாம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம், இலங்கையில் அதுவரை தனித்தனியே இயங்கிவந்த உயர்கல்வி நிறுவனங்களை ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்க் கொணர்ந்தது. பேராதனை, கொழும்பு, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்த ஆகிய ஐந்தும் வளாகங்கள் எனப் பெயர் பெற்றன. 1974இல் யாழ்ப்பாணம் ஆறாவது வளாகமாக வந்து சேர்ந்தது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இவற்றை மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கிற்று. வித்தியாலங்கார களனியாயிற்று; கட்டுபெத்த மொறட்டுவையாயிற்று; நுகேகொடையை அடுத்த கங்கொடவிலவில் அமைந்திருந்த வித்தியோதய, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகமாயிற்று. 1873இல் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் மாளிகாகந்தையில் நிறுவிய பிரிவெனாவின் வழிவந்து, 1959இல் பல்கலைக்கழகமாகிய நிறுவனம் அது. கட்டடம் பெயரவில்லை, ஆசிரியரும் மாணவரும் அங்கேயே இருந்தனர், நூலகத்து நூல்கள் தத்தம் தட்டுக்களிலேயே கிடந்தன. வாயிற்பலகையும் கடிதத் தலைப்பும் முத்திரையுமே மாறின. ஒரே ஆணையால் பல பெயர்கள் மாறுதல் என்பதற்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு நுகேகொடை வாசகருக்குக் கிடைத்தல் அரிது.

கணனியிலே கட்டளை வரியின் வழியாகக் கோப்புறைகளை மொத்தமாகப் பெயர்மாற்றுவோர் செய்வதும் இத்தகைய செயலே. ஒவ்வொரு கோப்புறையையும் சுட்டியாற் தொட்டுப் பெயரை அழித்துப் புதிதாகத் தட்டுவதற்குப் பதிலாக, ஒரு விதியை ஒரு வரியில் எழுதி, நூறு அல்லது ஆயிரம் பெயர்களை ஒரு நொடியில் மாற்றிவிடுகின்றனர். தொழில்நுட்பத்தார் இதனை அன்றாட வேலையாகக் கருதுவர். ஆயினும் பெயர், எழுத்து, ஆவணம் ஆகியவற்றை ஆராயும் கலைப்பீடத்தாருக்கு இக்கட்டளையின் வரலாற்றில் நோக்கத்தக்க செய்திகள் பல உள்ளன. அவ்வரலாறு எட்டு உரோமன் எழுத்துக்களை அளவுகோலாகக் கொண்ட ஓர் உலகில் உருவானது. அதிற் காலந்தாழ்த்தி நுழைந்த தமிழ்ப் பெயர்கள், அக்கட்டளை எவற்றையெல்லாம் எண்ணாது விட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

முதலிற் கோப்புறை என்பது யாது எனக் காணுதல் வேண்டும். கோப்புக்களைப் படிநிலையாக அடுக்கும் முறையை 1965இல் முன்வைக்கப்பட்ட மல்ட்டிக்ஸ் திட்டம் விரிவாக வகுத்தது. அதன் வழிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தை பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கினர். அதன் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. இவ்வமைப்பில் ஒவ்வொரு கோப்பையும் இயந்திரம் ஓர் எண்ணாலேயே அறியும். பெயர் கோப்பினுள் இருப்பதில்லை. பெயரையும் எண்ணையும் இணைத்துக்காட்டும் பட்டியல் ஒன்றிலேயே அது எழுதப்பட்டிருக்கும். அப்பட்டியலே கோப்புறை. உறை என்ற சொல் உள்ளே பொருள்களை வைத்த ஒரு பையை நினைவூட்டுகின்றது. 1981இல் வந்த ஸெரொக்ஸ் ஸ்டார், 1984இல் வந்த மக்கின்ரோஷ் ஆகிய கணனிகளின் திரைப்படங்கள் அவ்வெண்ணத்தை நிலைபெறச் செய்தன. பழைய ஆங்கிலப் பெயரோ தொலைபேசி விபரக்கொத்தைக் குறிக்கும் அதே சொல். பொருளடைவு, சொல்லடைவு என்பனபோல அதனை அடைவு எனத் தமிழிற் சொல்வோரும் உளர். உண்மைக்கு நெருக்கமானது அச்சொல்லே எனலாம்.

அடைவில் உள்ள ஒரு வரியை மாற்றுவதே பெயர்மாற்றம் ஆதலின், கோப்பு எத்துணைப் பெரிதாயினும் பெயர்மாற்றம் கணத்தில் முடிகின்றது. யூனிக்ஸில் இதனைச் செய்யும் கட்டளை எம்வி எனப்படும். நகர்த்து என்பது அதன் பொருள். இடம் மாற்றுதலுக்கும் பெயர் மாற்றுதலுக்கும் வேறு வேறு கட்டளைகள் அங்கே இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒரு கோப்பின் முழுப்பெயர் வேரிலிருந்து அதன் இருப்பிடம் வரையுள்ள பாதை ஆகும். ஆகவே ஒன்றை வேறொன்றின் கீழ் வைத்தாலே அதன் முழுப்பெயர் மாறிவிடுகின்றது. 1972இல் நிகழ்ந்தது இதுவே. வித்தியோதய என்ற சொல் அழியவில்லை. ஆயினும் பல்கலைக்கழகமாக இருந்தது, இன்னொரு பல்கலைக்கழகத்தின் வித்தியோதய வளாகமாயிற்று.

அக்காலத்து எம்வி இருபடிகளில் வேலை செய்தது. முதலில் அதே பொருளுக்கு இரண்டாவது பெயரொன்றை இட்டது. பின்னர் முதற்பெயரை நீக்கிற்று. இடையிலே மின்சாரம் நின்றுவிட்டால் ஒரு பொருளுக்கு இருபெயர் எஞ்சும். கோப்புறைக்கு இரண்டாம் பெயர் இடும் உரிமையோ அமைப்பின் மேலாளருக்கு மட்டுமே இருந்தது. படிநிலை குலைந்து வட்டமாகிவிடும் என்ற அச்சமே காரணம். ஆகவே கோப்புறையின் பெயரை மாற்றுதற்கு அக்கட்டளை மேலாளரின் அதிகாரத்தைக் கடன்வாங்க வேண்டியிருந்தது. பழையதை நீக்குதலும் புதியதை இடுதலும் ஒரே செயலாக நிகழும் வண்ணம் பெயர்மாற்று என்னும் தனி அழைப்பை 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. 4.2 வழங்கிற்று. இரண்டு பெயர்களும் ஒருகணம் உடனிருந்த அந்த இடைவெளி அன்றோடு மறைந்தது. பொறியியல் நோக்கில் இது நன்மையே. ஆவணவியல் நோக்கில் அவ்விடைவெளிக்கும் ஒரு மதிப்பு இருந்தது என்பது பின்னர் காட்டப்படும்.

சிறிய கணனிகளின் மரபு வேறு வழியில் வளர்ந்தது. 1974இல் கரி கில்டோல் உருவாக்கிய சி.பி.எம். என்னும் அமைப்பில் ரென் என்ற கட்டளை இருந்தது. அதிற் புதிய பெயர் முன்னும் பழைய பெயர் பின்னுமாக, நடுவே சமக்குறி இட்டு எழுதவேண்டும். கணிதத்தில் ஒரு குறிக்குப் பெறுமானம் வழங்குவதைப் போன்ற முறை அது. 1981இல் ஐ.பி.எம். தனியாள் கணனியோடு வந்த டொஸ் இவ்வரிசையைப் புரட்டிப் பழையதை முன்னும் புதியதைப் பின்னும் வைத்தது. அத்தோடு, எதையும் குறிக்கும் உடுக்குறியையும், ஓரெழுத்தைக் குறிக்கும் வினாக்குறியையும் இரு பெயர்களிலும் இட இடமளித்தது. மொத்தப் பெயர்மாற்றம் பொதுமக்கள் கைக்கு வந்தது இதன்வழியே எனலாம். யூனிக்ஸில் இது இயலாது. அங்கே உடுக்குறியைக் கட்டளை காண்பதற்கு முன்னரே மேலோடு அதனைப் பெயர்ப்பட்டியலாக விரித்துவிடும். ஆகவே யூனிக்ஸ் பயனர் ஒவ்வொரு பெயருக்கும் எம்வியை ஒருமுறை இயக்கும் சுழற்சியொன்றைத் தாமே எழுதினர்.

டொஸின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பு கோப்புறைகளை அறிமுகப்படுத்திற்று. ஆனால் ரென் கோப்புக்களை மட்டுமே பெயர்மாற்றிற்று. கோப்புறைக்குப் பெயர் தவறாக இட்டவர் புதியதொன்றை உண்டாக்கி, உள்ளிருந்தவற்றை அதற்குப் படியெடுத்து, பழையதை அழிக்கவேண்டியிருந்தது. 1993இல் ஆறாம் பதிப்போடு வந்த நகர்த்தற் கட்டளையே இக்குறையை நீக்கிற்று. பத்தாண்டுக் காலம் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஓர் அமைப்பில், அடைவுக்கு இட்ட பெயர் கட்டளை வரியின் ரென்னால் மாற்றவொண்ணாததாக இருந்தது.

யூனிக்ஸ் பக்கத்தில் திருப்பத்தை உண்டாக்கியவர் லரி வோல். 1987இல் அவர் வெளியிட்ட பேர்ல் மொழியோடு பின்னர் ரிநேம் என்னும் சிறு நிரலொன்றையும் வழங்கினார். பெயரின் எப்பகுதியை எதுவாக மாற்றவேண்டும் என்பதை அதில் ஓர் ஒழுங்குக் கோலமாக எழுதலாம். இத்தகைய கோலங்களின் கணிதத்தை 1950களில் ஸ்டீபன் கிளீனி வகுத்திருந்தார். 1968இல் கென் தொம்சன் அவற்றை உரைதேடலுக்குப் பொருத்திக் காட்டினார். இதே பெயரில் வேறு இலக்கணம் கொண்ட இன்னொரு கட்டளையும் லினக்ஸ் வெளியீடுகள் சிலவற்றில் வழங்குகின்றது. ஒரு கணனியிற் பழகிய வரியை மற்றொன்றில் இட்டவர் வியப்படைதல் உண்டு. பெயர்களைச் சீராக்கும் கருவி தன் பெயரையே சீராக்கிக்கொள்ளவில்லை!

இக்கருவிகள் வளர்ந்த உலகில் பெயர் என்பது எத்தகையது? சி.பி.எம். வகுத்து, டொஸ் பின்பற்றிய முறையில், பெயருக்கு எட்டு எழுத்து, வகையைச் சுட்டும் பின்னொட்டுக்கு மூன்றெழுத்து. அவ்வளவே. கொழும்பையும் அதன் சுற்றூர்களையும் இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் சுவையானது. நுகேகொடை உரோமன் எழுத்திற் சரியாக எட்டு. கொட்டாஞ்சேனைக்கு வழங்கும் கொட்டஹேன என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலும் எட்டே. வெள்ளவத்தை பத்து, ஆகவே அதன் வால் அறும். கங்கொடவில பதினொன்று. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு இடமளித்த பின்னரும், பழைய நிரல்களின் பொருட்டு, வெள்ளவத்தையின் முதல் ஆறெழுத்தோடு ஓர் அலைக்கோடும் ஒன்று என்ற எண்ணும் சேர்த்துக் குறும்பெயர் ஒன்றைத் தானே இட்டுக்கொண்டது. அரசாங்க வரைபடத்திலும் தபாற் கந்தோரிலும் இல்லாத ஊர்ப்பெயர் ஒன்றை இயந்திரம் இவ்வாறு படைத்தது.

இக்காலத்திற் தமிழிற் பெயரிடுதல் இயலாதிருந்தது. எழுத்துருக்களின் வழியே திரையிற் தமிழ் தோன்றியதாயினும், அடியில் இருந்தவை உரோமன் எழுத்துக்களின் குறியெண்களே. இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடையேயும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவிற் தமிழ் என்ற சொல்லைத் தட்டி, எழுத்துருவை நீக்கிப் பார்த்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் எஞ்சும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளியே விசை. யூனிக்ஸ் மேலோட்டில் அரைப்புள்ளி ஒரு கட்டளையின் முடிவைக் குறிக்கும். ஆகவே பாமினியில் தட்டிய பெயரொன்றைக் காப்பின்றிக் கட்டளை வரியில் இட்டால், முதல் மெய்யெழுத்திலேயே கட்டளை முடிந்துவிட்டதாக இயந்திரம் கொள்ளும். மிகுதியை வேறொரு கட்டளையாக எண்ணித் தேடும். மெய்யின் மேற் புள்ளி வைத்த பழந்தமிழ் வழக்கு, இவ்வாறு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரக் கட்டளைக்குப் பகையாயிற்று.

1991இல் வெளியான ஒருங்குறி இந்நிலையை மாற்றிற்று. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு நியமத்தைத் தழுவித் தமிழுக்குத் தனியிடம் அதில் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 முதலாகத் தமிழ் எழுத்துக்களாலேயே கோப்புறைக்குப் பெயரிடுதல் சாதாரண பயனருக்கும் கைகூடிற்று. ஆயினும் கட்டளைகள் எழுத்து எனக் கருதியதும் தமிழர் எழுத்து எனக் கருதுவதும் ஒன்றல்ல. நுகேகொடை என்பது தமிழ்க் கணக்கில் நான்கெழுத்து: நு, கே, கொ, டை. ஒருங்குறியின் கணக்கில் அது எட்டுக் குறிகள். ஒவ்வொரு உயிர்மெய்யும் மெய்க்கும் உயிர்க்குறிக்குமாக இரண்டாகப் பிரிந்து நிற்கின்றது. உயிர்மெய்யை இரண்டின் கூட்டமாகக் கொள்ளும் இலக்கண மரபு தொல்காப்பியத்திலேயே உள்ளதாகையால், இப்பிரிப்பு தமிழுக்கு முற்றிலும் அந்நியமன்று. ஆனால் வினாக்குறி ஓரெழுத்துக்கு நிற்கும் என நம்பிக் கோலம் எழுதுபவர், ஒரு தமிழெழுத்தின் பாதியையே பிடிக்கின்றார். மறுபாதியாகிய கொம்பு அல்லது கால் அநாதையாக அடுத்த பெயரில் ஒட்டிக்கொள்ளும்.

எட்டுக் குறிகள் சேமிப்பில் இருபத்துநான்கு பைட்டுக்கள் ஆகின்றன. பெருவழக்கான குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். லினக்ஸிற் பரவலாக வழங்கும் கோப்பமைப்பு ஒரு பெயருக்கு 255 பைட்டுக்களையே தரும். ஆங்கிலேயருக்கு 255 எழுத்து. தமிழருக்கு 85 குறி. விண்டோஸ் இதனை வேறு அலகால் அளப்பதால், அங்கே இடம்பெற்ற நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸ் கணனிக்குப் படியெடுக்கப்படும்போது மறுக்கப்படலாம். ஆய்வேட்டின் முழுத்தலைப்பையும் கோப்புறைக்குப் பெயராக இடும் வழக்கமுடைய மாணவர் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று.

இதனினும் நுண்ணிய சிக்கல் கொ என்ற எழுத்தில் உள்ளது. அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றே ஒருங்குறி விதிக்கின்றது. திரையிலும் வேறுபாடு தோன்றாது. ஆனால் விண்டோஸும் லினக்ஸும் பெயரை வந்தவாறே வைத்துக்கொள்வன. 1998இல் மக்கின்ரோஷுக்கு வந்த கோப்பமைப்போ எல்லாப் பெயர்களையும் பிரித்தே சேமித்தது. ஆகவே மக்கின்ரோஷிலிருந்து வந்த கொழும்பு என்ற கோப்புறையும், விண்டோஸிற் தட்டிய கொழும்பு என்ற கோப்புறையும் ஒரு லினக்ஸ் கணனியில் அருகருகே இரு வேறு கோப்புறைகளாக இருத்தல் கூடும். கண்ணுக்கு ஒன்று; இயந்திரத்துக்கு இரண்டு. பெயர்மாற்றக் கட்டளை அவற்றுள் ஒன்றை மாற்றி, மற்றதைத் தொடாது செல்லும். கொழும்பு, கொட்டாஞ்சேனை, நுகேகொடை ஆகிய மூன்றிலும் இக்கொ இருக்கின்றது. வெள்ளவத்தை மட்டும் தப்பிற்று. ஒற்றைக் கொம்பும் ஐகாரக் குறியும் பிரிவன அல்ல.

கங்கொடவிலவின் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு தொல்லை. ஸ்ரீ என்பதனை ஸகரத்தோடு ரீ சேர்த்து எழுதுவது பழைய முறை. 2005இல் ஒருங்குறியில் வேறொரு சகரம் சேர்க்கப்பட்டபின், அதனோடு ரீ சேர்த்து எழுதுவதும் வழக்காயிற்று. பல எழுத்துருக்களில் இவ்விரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். கொ விடயத்திலாவது ஒருங்குறியின் சமவிதி துணைக்கு வரும். இங்கே அதுவும் இல்லை. ஜயவர்தனபுரவின் பெயரைத் தாங்கிய கோப்புறைகளைத் தேடுவோர் இருமுறை தேடுதல் வேண்டும்.

இனி, உரோமன் எழுத்திலுள்ள ஊர்ப்பெயர்க் கோப்புறைகளை ஒரு கட்டளையாற் தமிழாக்கமுடியுமா என்ற வினாவுக்கு வருவோம். கட்டளை விதியை வேண்டிநிற்கும். கொழும்பின் ஊர்ப்பெயர்கள் சில விதிக்கு அடங்குவனவே. பிட்டிய என முடிவன பிட்டி என்றாகும்: கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி. வத்த என்பது வத்தையாகும்; கொட என்பது கொடையாகும். இம்மட்டும் ஒழுங்குக் கோலங்கள் அழகாக வேலை செய்யும். அடுத்து வருவது பெற்றா. தமிழில் அது புறக்கோட்டை. சினமன் கார்டன்ஸ் கறுவாத்தோட்டம். கொட்டஹேன கொட்டாஞ்சேனையாவதை எந்த விதி சொல்லும்? இவை ஒலிபெயர்ப்புக்கள் அல்ல. அவ்வவ்விடங்களில் வாழ்ந்த தமிழ் பேசும் மக்களின் நாவில் நெடுங்காலம் வழங்கிய பெயர்கள். ஆங்கிலத்தில் அடிமைத்தீவு எனப்பட்ட இடத்தைத் தமிழர் கொம்பனித்தெரு என்றே வழங்கிவந்தனர். 2022இன் இறுதியில் அவ்வாங்கிலப் பெயரைக் கைவிடும் முடிவு எடுக்கப்பட்டபோது, தமிழில் மாற்றுவதற்கு எதுவும் இருக்கவில்லை. நாட்டின் பெயரும் அவ்வாறே. 1972 மே 22இல் சிலோன் ஸ்ரீலங்காவாயிற்று. ஆங்கிலக் கடிதத் தலைப்புக்கள் பல மாறின. தமிழ் வழக்கில் இரண்டும் இலங்கையே. அன்றைய பல்கலைக்கழகம் முன்னரும் இலங்கைப் பல்கலைக்கழகம், பின்னரும் இலங்கைப் பல்கலைக்கழகம். 1939இல் தொடங்கிய வங்கி ஆங்கிலத்தில் இன்றும் சிலோனின் பெயரையே தாங்கிநிற்க, தமிழில் அது இலங்கை வங்கி. ஒரு மொழியிற் பெரும் வரலாற்று நிகழ்ச்சியாகிய பெயர்மாற்றம், மற்றொரு மொழியின் அடைவில் ஒரு வரியைக்கூடத் தீண்டாமற் போவதுண்டு.

மோதலும் உண்டு. கொழும்பின் துறைமுகத்தை அடுத்த போட், தமிழிற் கோட்டை. பழைய தலைநகராகிய கோட்டே, அதுவும் தமிழிற் கோட்டை. ஊர்ப்பெயர்க் கோப்புறைகளை ஒரே சுழற்சியிற் தமிழாக்கும் ஒருவரின் கணனியில் முதலில் போட் கோட்டையாகின்றது எனக் கொள்வோம். அடுத்துக் கோட்டேயைக் கோட்டையாக்குமாறு எம்விக்குக் கட்டளை செல்லும்போது, அப்பெயரில் ஒரு கோப்புறை ஏற்கெனவே இருத்தலைக் கண்டு, அதனுள்ளே கோட்டேயை நகர்த்தி வைத்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குள்ளே கோட்டே இராச்சியத்தின் ஆவணங்கள் சென்று ஒளிந்துகொள்ளும். கோப்புறைகளுக்கே இந்நிலை, தனிக்கோப்புக்களாயின் பின்வந்தது முன்னிருந்ததன் மேல் எழுதப்பட்டு, முன்னையது அழிந்தே போகும். இக்காரணத்தாலேயே, மாற்றாமல் மாற்றப்போவதை மட்டும் காட்டும் ஒத்திகை வசதியை லரி வோல் மரபின் ரிநேம் வழங்குகின்றது. விண்டோஸின் ரென் கட்டளை இத்தகைய மோதலில் மறுத்துவிடும். இவ்வொன்றில் அது யூனிக்ஸிலும் நிதானமானது.

இவையெல்லாம் தொழில்நுட்பத் தொல்லைகள் மட்டுமே எனத் தள்ளிவிடலாகாது. 1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதன் பின்னரும் போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீட்டு நூற்றொகுதிகளைச் சிதறடித்தன. ஈழத்துத் தமிழரின் அச்சுப்பதிவுகளுட் பெரும்பகுதி இன்று வாசகருக்கு எட்டுவது எண்ணிமப் படிகளாகவே. அவை வன்றட்டுக்களில், கோப்புறைகளில், யாரோ ஒருவர் இட்ட பெயர்களில் இருக்கின்றன. மூலப்பிரதி இல்லாத இடத்தில், கோப்புறையின் பெயர் வெறும் முகவரியாக மட்டும் இருப்பதில்லை. எந்த ஆண்டு, எந்த இதழ், எவர் தொகுப்பிலிருந்து பெறப்பட்டது என்பதற்கு அதுவே சில வேளைகளில் ஒரே சான்று. அதனை ஒரு கட்டளையால் அழகுபடுத்துவோர் அச்சான்றையும் சேர்த்தே அழிக்கின்றனர்.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிமத் திட்டம் இவ்விடத்தில் ஒரு தெளிவான முடிவை மேற்கொண்டது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் ஒன்று வழங்கப்படுகின்றது. கோப்பு அவ்வெண்ணாலேயே சேமிக்கப்படுகின்றது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவை தனியே பட்டியலில் இடம்பெறுகின்றன. தலைப்பில் எழுத்துப்பிழை கண்டால் பட்டியலைத் திருத்தலாம், கோப்பைத் தொடவேண்டியதில்லை. யூனிக்ஸ் தன் வயிற்றினுள்ளே செய்ததையே இது வெளியே செய்கின்றது: பொருளுக்கு எண், மனிதருக்குப் பெயர். வரிசை ஒழுங்குக்கும் எண்ணே உகந்தது. தமிழ்ப் பெயர்களைக் குறியெண் வரிசையில் அடுக்கும் கருவிகள் ளகரத்தையும் ழகரத்தையும் வகரத்துக்கு முன்னே வைக்கின்றன. எந்தத் தமிழ் அகராதியும் ஏற்காத வரிசை அது. ஆனால் எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. பட்டியல் தொலைந்தால் எண் எதையும் பேசாது. ஆகவே சிறு தொகுப்புக்களை வைத்திருக்கும் தனியாட்களும் சங்கங்களும் பெயரையே நாடுவது இயல்பு.

சட்டத்துக்கும் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படும். 1978ஆம் ஆண்டுச் சட்டம் வளாகங்களைப் பல்கலைக்கழகங்களாக்கியபோது பழைய பெயரையும் புதிய பெயரையும் தன்னுள் ஒருங்கே எழுதிவைத்தது. ஆகவே வித்தியோதய வளாகத்தின் பட்டச் சான்றிதழோடு வருபவர் எந்நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதில் எவருக்கும் ஐயமெழுவதில்லை. சட்டம் தவறாயினும் அதனை மீளப்பெறலாம். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கு இடப்பட்ட எழுத்துக்கூட்டலை மக்கள் எள்ளி நகையாடினர். சில நாட்களில் ஆணை மீளப்பெறப்பட்டது. அரசாங்கக் கோப்பில் இரு பட்டியல்களும் இருந்தமையாற் திரும்பிச் செல்லல் எளிதாயிற்று. எம்வியோ ரென்னோ பழைய பெயரை எங்கும் குறித்துவைப்பதில்லை. 1983க்கு முன்னர் ஒரு கணமாவது உடனிருந்த இரு பெயர்களும் இன்று அக்கணமும் இன்றி மாறிவிடுகின்றன.

இக்குறையை நீக்குதற்கு அரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. பெயர்மாற்றத்துக்கு முன்னர் உள்ள கோப்புறைப் பெயர்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதுமாறு கணனியையே பணிக்கலாம். அருகே இரண்டாம் நிரலிற் புதிய பெயரைக் கையாலோ விதியாலோ நிரப்பி, ஒருமுறை கண்ணாற் படித்து, கோட்டை இருமுறை வருகின்றதா எனப் பார்த்து, பின்னர் அப்பட்டியலையே கட்டளைக்கு உணவாகக் கொடுக்கலாம். கொழும்பின் ஊர்ப்பெயர்களைப் போல விதிக்கு அடங்காதவற்றுக்கு இதுவே ஏற்ற வழி. இடைவெளி உள்ள பெயர்களை மேற்கோட்குறிக்குள் இடவேண்டும்; இல்லையேல் ஸ்ரீ என்பது ஒரு பெயராகவும் ஜயவர்தனபுர என்பது வேறொரு பெயராகவும் எண்ணப்படும். கொ, கோ, கௌ வரும் பெயர்களை முதலில் ஒரே குறிவடிவுக்குக் கொணர்தல் வேண்டும். வேலை முடிந்தபின் பட்டியலை எறிந்துவிடாது, பெயர்மாறிய கோப்புறைகளின் தாய்க் கோப்புறையிலேயே, மாற்றிய திகதியையும் எழுதி வைத்துவிடலாம். நூலகர் தம் அட்டைப் பட்டியலிற் பழைய பெயரின் கீழே புதிய பெயரைக் காண்க என எழுதிவைத்த அட்டைக்கு நிகரானது அது.

ஒழுங்கும் முக்கியம். மேலேயுள்ள கோப்புறையின் பெயரை முதலில் மாற்றினால், அதன் கீழுள்ளவற்றுக்குப் பட்டியலில் எழுதிய பாதைகள் யாவும் அக்கணமே பொய்த்துவிடும். கட்டளை அவற்றைத் தேடிக் காணாது நின்றுவிடும். ஆகவே ஆழத்திலுள்ள கிளையிற் தொடங்கி வேரை நோக்கி வருதல் வேண்டும்: முதலில் துறைகள், பின்னர் பீடங்கள், அதன் பின்னர் வளாகங்கள், எல்லாவற்றுக்கும் இறுதியில் பல்கலைக்கழகம்.